கொடுக்க வந்தவர்கள்

ஔவையார் அதியமானின் வாயிலில் காவலன் முன் நின்று பேசிய செய்தியைப் புறநானூற்றில் படித்திருப்பீர்கள். பரிசில் பெற வந்தவர் வாயிலில் காத்து நிற்பதும், காலம் தாழ்த்தும் வள்ளலை நினைந்து சினந்து மொழிவதும் நம் இலக்கியத்துக்குப் பழகிப்போன காட்சிகள். ஆனால் கொடுக்க வந்தவனை வாயிலில் நிறுத்தி, "உன் கொடை எமக்கு வேண்டா" என்று திருப்பியனுப்பிய கதையை நம் புலவர்கள் பாடவில்லை. அப்படி ஒன்று நிகழக்கூடும் என்றே அவர்களுக்குத் தோன்றியிராது. பொன்னையும் நெல்லையும் யானையையும் கொணர்ந்து தருபவனை யார் தடுக்கப் போகிறார்கள்?

இருபதாம் நூற்றாண்டில் மனிதன் கொடுப்பதற்குப் புதிதாகக் கற்றுக்கொண்ட பொருள் ஒன்று உண்டு. அதுதான் குருதி. அதைக் கொடுக்க முன்வந்தவர்களோ பல நாடுகளில், பல சமயங்களில், வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் சிலரை நிறுத்தியது முறையே. சிலரை நிறுத்தியது பெரும் அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறிவது அந்தந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. அந்த வரலாற்றில் சில பகுதிகளை மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதற்கண் குறுக்கே நின்றது அறியாமை. 1667-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ழான் பத்தீஸ்த் தெனி என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதர் உடலில் செலுத்திப் பார்த்தார். ஆட்டுக்குட்டியின் சாந்த குணமும் உடன் வந்து சேரும் என்று எண்ணிய காலம் அது! அடுத்த ஆண்டு அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவன் மாண்டான். வழக்கு நீதிமன்றம் ஏறியது. சில ஆண்டுகளுக்குள் பிரான்சில் அந்தச் சிகிச்சையே விலக்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1818-இல், லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்பவர் மனிதக் குருதியை மனிதருக்கே செலுத்தும் முயற்சியைத் தொடங்கினார். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1901-ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதியில் பிரிவுகள் உண்டு என்று கண்டறிந்து எழுதிய பிறகே அந்தப் புதிர் அவிழ்ந்தது.

புதிர் அவிழ்ந்தும் கொடையாளியின் பாடு தீரவில்லை. உடலைவிட்டு வெளியே வந்த குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடும். ஆகவே கொடுப்பவர் பெறுபவரின் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டும். 1908-இல் அலெக்சிஸ் காரெல் நியூயார்க்கில் ஒரு தந்தையின் தமனியை அவருடைய கைக்குழந்தையின் சிரையோடு நூலால் தைத்து இணைத்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் இத்தகைய அறுவைக்கு எத்தனை பேர் உடன்படுவார்கள்? சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்தால் குருதி உறையாது என்பது 1914-இல் தெரிந்தது. அதன் பின்னரே கொடையாளியையும் நோயாளியையும் வேறு வேறு அறையில், வேறு வேறு ஊரில் வைக்க முடிந்தது. 1921-இல் லண்டன் காம்பர்வெல் பகுதிச் செஞ்சிலுவைச் சங்கச் செயலாளர் பெர்சி லேன் ஆலிவர், அழைத்தவுடன் வந்து குருதி கொடுக்க இசைந்தவர்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அவர் வீட்டுத் தொலைபேசி இரவென்றும் பகலென்றும் பாராமல் ஒலித்தது. காசு வாங்காமல், முன்பின் அறியாதவர்க்கு, அமைப்பு முறையாகக் குருதி கொடுக்கும் வழக்கம் அங்கே வேர்விட்டது.

இவையெல்லாம் இயற்கை வைத்த தடைகள். அறிவு வளர வளர அவை ஒவ்வொன்றாக விலகின. இனி மனிதன் வைத்த தடைக்கு வருவோம்.

சார்லஸ் ட்ரூ 1904-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் பிறந்தார். கறுப்பின மக்களைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அவ்வினத்து இளைஞர்களுக்கு இடம் தரும் மருத்துவக் கல்லூரிகள் அவருடைய நாட்டில் மிகச் சில. அவர் கனடாவுக்குச் சென்று, மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1933-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்பு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். குருதியைச் சேமித்து வைப்பது எப்படி என்பதே அவருடைய ஆராய்ச்சி. 1940-இல் அதற்காக அவருக்கு உயர் பட்டம் கிடைத்தது. அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

இங்கே பிளாஸ்மா என்பதைச் சற்று விளக்க வேண்டும். குருதியிலிருந்து சிவப்பணுக்களையும் மற்ற அணுக்களையும் நீக்கிவிட்டால், வைக்கோல் நிறத்தில் ஒரு நீர்மம் எஞ்சும். அதுவே பிளாஸ்மா. அன்றைய முறையில் முழுக் குருதி சில நாட்களிலேயே கெட்டுவிடும். பிளாஸ்மாவோ நெடுநாள் தங்கும். உலர்த்திப் பொடியாக்கிவிட்டால் கப்பலிலும் விமானத்திலும் எளிதாக ஏற்றி அனுப்பலாம். காயம்பட்டுக் குருதி இழந்து அதிர்ச்சியில் கிடக்கும் போர்வீரனைப் பிழைக்க வைக்க அது போதும். பல பேருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்துவிட்டால், பிரிவு பார்க்கவேண்டிய தொல்லையும் பெரும்பாலும் இல்லை.

1940-இல் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்தன. பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்ப நியூயார்க்கில் ஒரு திட்டம் தொடங்கிற்று. அதன் மருத்துவ மேற்பார்வைப் பொறுப்பு ட்ரூவை வந்தடைந்தது. ஏறக்குறைய ஐந்து மாதங்களில் 14,000-க்கு மேற்பட்டோர் குருதி கொடுத்தனர். 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா கடல் கடந்து சென்றது. நுண்ணுயிர் சேராமல் எப்படிப் பிரிப்பது, எப்படிச் சோதிப்பது என்ற முறைகளை வகுத்துக் கொடுத்தவர் அவர். 1941-இன் தொடக்கத்தில், அமெரிக்கப் படைக்கென்றே செஞ்சிலுவைச் சங்கம் நியூயார்க்கில் தொடங்கிய முன்னோடி நிலையத்துக்கும் அவரே பொறுப்பேற்றார்.

அதே 1941-ஆம் ஆண்டின் நவம்பரில் வெளிவந்த கொள்கை யாது? படைவீரர்களுக்கான குருதித் திட்டத்தில் கறுப்பினத்தவரிடமிருந்து குருதி ஏற்கப்படமாட்டாது என்பது! அந்த முறைகளை வகுத்துக் கொடுத்தவரே தம் கையை நீட்டியிருந்தாலும் வேண்டா என்று சொல்லியிருப்பார்கள்.

அடுத்த மாதம் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. நாடெங்கும் மக்கள் குருதி கொடுக்கத் திரண்டனர். டெட்ராயிட் நகரில் ஒரு கறுப்பினப் பெண்மணியும் சென்றார். தலைமை அலுவலகத்தின் ஆணைப்படி உங்களிடம் வாங்க இயலாது என்று அங்கிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குடியரசுத் தலைவரின் மனைவியாகிய எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். அவரைப் போலவே பலர் எழுதினர். கறுப்பின மக்களின் செய்தித்தாள்களும் சங்கங்களும் குரல் எழுப்பின. ஜனநாயகத்துக்காகப் போர் புரிகிறோம் என்று உலகுக்கு முழங்கும் அரசுக்கு அக்குரல்களுக்கு விடை சொல்வது கடினமாயிற்று.

1942 ஜனவரியில் கொள்கை மாறியது. எப்படி மாறியது? கறுப்பினத்தவரின் குருதியை ஏற்போம். ஆனால் தனியே குறியிட்டு, தனியே பதப்படுத்தி, தனியே வைப்போம் என்று மாறியது. வாயில் திறந்தது, உள்ளே ஒரு சுவர் எழுந்தது. குருதியை இனவாரியாகப் பிரிக்க அறிவியலில் ஆதாரம் எதுவும் இல்லை என்பது பொறுப்பிலிருந்தவர்களுக்குத் தெரியாததன்று. பெறுபவர்களுள் சிலர் விரும்பமாட்டார்கள் என்பதே அவர்கள் காட்டிய காரணம். எனக்கு இது மிகவும் வியப்பாக இருக்கிறது. குண்டடிபட்டு நினைவின்றிக் கிடக்கும் சிப்பாயிடம் சென்று, இன்னாருடைய பிளாஸ்மா உமக்குச் சம்மதமா என்று யாராவது கேட்டிருக்கக்கூடுமா? வைக்கோல் நிறத்துப் பொடியில் எந்த இனத்தின் நிறத்தைக் காண்பது?

ட்ரூ இந்தக் கொள்கையைக் கண்டித்தார். அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 1944-இல் அவருக்கு ஸ்பின்கார்ன் பதக்கம் அளித்துக் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் பெருமைப்படுத்தியது. இந்தக் கொள்கையை எதிர்த்தே அவர் பதவியைத் துறந்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. வரலாறு படிப்பவர்கள் நாட்களை ஒட்டிப் பார்க்க வேண்டும். அவர் 1941 ஏப்ரலிலேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, இளம் அறுவை மருத்துவர்களைப் பயிற்றும் பணியில் இறங்கிவிட்டார். அந்த அறிவிப்போ நவம்பரில்தான் வந்தது.

அவருடைய மரணத்தைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. 1950 ஏப்ரல் முதல் நாள் அதிகாலையில், வட கரோலினா மாநிலத்துச் சாலையில் அவர் ஓட்டிச் சென்ற கார் கவிழ்ந்தது. வெள்ளையர் மருத்துவமனையில் அவருக்குக் குருதி கொடுக்க மறுத்ததால் அவர் இறந்தார் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. அது உண்மையன்று. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற இயன்றதெல்லாம் செய்தார்கள் என்று, உடன் பயணம் செய்த கறுப்பின மருத்துவர்களே சான்று கூறியிருக்கிறார்கள். பொய்க்கதை ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதே ஆண்டின் இறுதியில், அதே மாநிலத்தில், விபத்தில் அடிபட்ட ஒரு கறுப்பின மாணவர், உங்கள் இனத்தாருக்கான படுக்கை காலியில்லை என்று ஒரு மருத்துவமனையால் திருப்பியனுப்பப்பட்டு உயிர் நீத்தார். ட்ரூவுக்கு நேராதது மற்றவர்களுக்கு நேர்ந்துகொண்டிருந்தது. ஊர்ப்பேச்சு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

செஞ்சிலுவைச் சங்கம் 1950-இன் முடிவில் இனக்குறியிடுவதைக் கைவிட்டது. தென் மாநிலங்கள் சில அவ்வளவு எளிதில் விடவில்லை. ஆர்க்கன்சா, லூயிசியானா ஆகிய மாநிலங்களில் குருதிப்புட்டியின்மீது இனத்தைக் குறிக்கவேண்டும் என்ற சட்டம் இருந்தது. மனிதன் சந்திரனில் கால் வைத்த 1969-ஆம் ஆண்டு அளவில்தான் ஆர்க்கன்சா அதை நீக்கியது. லூயிசியானா இன்னும் சில ஆண்டுகள் பொறுத்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் அதைப் பழங்காலத்து மடமை என்று ஒதுக்கிவிடலாம். 1980-களில் எய்ட்ஸ் நோய் பரவியது. இம்முறை அச்சத்துக்கு உண்மையான காரணம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். குருதி உறையாக் குறைபாடு உடைய பல்லாயிரவர், தாம் பெற்ற மருந்தின் வழியாகவே அந்நோயைப் பெற்று மாண்டார்கள். குருதியைச் சோதித்தறியும் முறை 1985-இல் கிடைத்தது. எனினும் கிருமி உடலில் புகுந்த தொடக்க நாட்களில் சோதனை அதைக் காட்டாது. அந்த இடைவெளியில் கொடுப்பவர் தம்மை அறியாமலே நோயைக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே அபாயம் மிகுந்தவர்களை விலக்குவது அவசியமாயிற்று. ஆனால் அபாயம் மிகுந்தவர் யார் என்று எப்படி முடிவு செய்வது? ஒருவருடைய நடத்தையையும் உடல்நிலையையும் கேட்டா, அல்லது அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று பார்த்தா?

1990 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்த எவரும் குருதி கொடுத்தல் ஆகாது என்று கூறியது. மணமாகிக் குழந்தைகளோடு ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்த ஆசிரியருக்கும் செவிலிக்கும்கூட அதே விதி. தம் குருதியே நஞ்சு என்று ஓர் அரசாங்கம் அறிவித்துவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். ஏப்ரல் 20-ஆம் நாள் பல்லாயிரவர் புரூக்ளின் பாலத்தின்மீது அணிவகுத்து நியூயார்க் நகரினுள் நடந்து வந்தனர். அந்த ஆண்டு முடிவதற்குள் விதி கைவிடப்பட்டது.

இஸ்ரேலில் நிகழ்ந்தது இதனினும் கொடிது என்பது என் கருத்து. எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் கொடுத்த குருதியை அங்குள்ள இரத்த வங்கி வாங்கிக்கொண்டது. அவர்களுக்குத் தெரியாமல் கொட்டியும் விட்டது. பல ஆண்டுகள் இப்படி நடந்தது என்பதை 1996 ஜனவரியில் ஒரு நாளிதழ் வெளியிட்டது. ஏறத்தாழ 10,000 பேர் ஜெருசலத்தில் பிரதமர் அலுவலகத்தின் முன் திரண்டனர்; காவலரோடு மோதலும் நிகழ்ந்தது. வேண்டா என்று முகத்துக்கு நேரே சொல்வதில் ஒரு நேர்மையாவது இருக்கிறது. நன்றி கூறி வாங்கிக்கொண்டு, முதுகு திரும்பியதும் சாக்கடையில் ஊற்றுவதை என்னவென்று சொல்வது?

ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் வாழ்நாள் முழுதும் குருதி கொடுக்கலாகாது என்று அமெரிக்காவில் 1985 முதல் இருந்த விதி, 2015-இல் தளர்ந்தது. 2023-இல் கூட்டத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவரையும் ஒரே விதமான கேள்விகளால் சோதிக்கும் முறையாக மாறியது. நம் நாட்டில் 2017-இல் வெளியான நெறிமுறை, மூன்றாம் பாலினத்தவரையும் அத்தகைய ஆண்களையும் கொடையாளர் ஆகத் தகாதோர் வரிசையில் வைத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் இதனை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. டெட்ராயிட் பெண்மணி கேட்ட அதே கேள்விதான் அங்கும் கேட்கப்பட்டது.

நம் நாட்டின் பழைய இடையூறு வேறு வகைப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது கல்கத்தாவில் இரத்த வங்கி தோன்றிற்று. பிறகு பல பத்தாண்டுகள் வறுமையால் குருதியை விற்போர் பலர் இருந்தனர். விற்பவன் தன் நோயை மறைப்பான்; குறித்த காலத்துக்கு முன்பே மீண்டும் வருவான்; அவனுடைய உடலும் கெடும், வாங்குபவனுடைய உடலும் கெடும். காசு கொடுத்தால் கிடைக்கிறது என்ற நிலையில், சும்மா கொடுக்க வருபவரைத் தேடிப் போவார் இல்லை. 1986-இல் சென்னையில் சுனீதி சாலமனும் அவர் வழிகாட்டிய இளம் ஆய்வாளர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்த பின் இந்த வாணிகத்தின் ஆபத்து நாடெங்கும் உறைத்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து குருதியை விற்பது சட்டப்படி ஒழிந்தது. அன்றிலிருந்து நம் மருத்துவமனைகளின் நம்பிக்கை, மனமுவந்து வருபவர்களே. சிறப்பாகக் கல்லூரி மாணவர்களே.

வருபவர் அனைவரும் கொடுக்க முடிகிறதா? நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் நடந்த முகாமில் முதல் ஆளாக வந்து நின்றவள் ஒரு மாணவி. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் பத்தைச் சிறிது கடந்திருந்தது. வேண்டிய அளவு 12.5 கிராம். "உனக்கே பற்றவில்லையே அம்மா, உன்னிடம் எப்படி வாங்குவேன்?" என்றார் முதிய பெண் மருத்துவர். அந்தப் பெண் நகரவில்லை. "இரத்தம் குறைவு என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லையே, டாக்டர்" என்றாள். அன்று பிற்பகலுக்குள் அவளைப் போலவே திரும்பிய மாணவியர் வரிசை நீண்டது. மாணவர்களில் அப்படித் திரும்பியவர் மிகச் சிலரே.

இந்தத் தடையை வைத்தது சட்டமும் அன்று, வெறுப்பும் அன்று. அளவுகோல் நியாயமானது, கொடுப்பவரைக் காப்பதற்கே அது இருக்கிறது. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். கருவுறாத பெண்களுக்கு அந்த ஆய்வு வைத்த எல்லை 12 கிராம். கொடைக்கு வேண்டியதோ அதற்கும் மேல். ஆகவே நம் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதி வங்கியின் வாயிலை அடையும் முன்பே, சமையலறையில் கடைசியாக உண்ணும் தட்டிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறார்கள். புரூக்ளின் பாலத்தில் அணிவகுத்ததைப் போல இதற்கு எதிராக யாரும் அணிவகுத்ததில்லை.

மற்ற விதிகளையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பயில்வோர்க்குப் பயன்படும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 45 கிலோ எடையாவது இருந்தால் 350 மில்லிலிட்டர் எடுப்பார்கள். ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் பொறுத்தல் வேண்டும். உடலில் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இக்காலத்து இளைஞர்கள் இதைக் கேட்டுத்தான் முகம் வாடுகிறார்கள். விரதமிருந்து குருதி கொடுத்தால் புண்ணியம் இரட்டிப்பாகும் என்று எண்ணி வெறும் வயிற்றோடு வருபவர்களும் உண்டு. அவர்களை மருத்துவர் இரண்டு இட்லி தின்றுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.